மரத்தலும் உணர்தலும்: புலனுணர்வுச் சோதனைத் தமிழின் வரலாறு

பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில் உள்ள அத்திபெலே, ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மாநில எல்லையைக் கடந்தவுடன் எதிர்ப்படும் ஊராகும். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே கடைத்தெருவில் வழங்கும் இவ்வூரைக் கடந்துதான் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளின் நரம்பு நோயாளர் பலர் பெங்களூரு ஓசூர்ச் சாலையிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தை (நிம்ஹான்ஸ்) அடைகின்றனர். 1954இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மனநோய் மருத்துவமனையும் 1974இல் இணைந்து உருவானது அந்நிறுவனம். அங்குச் செல்வோர் தம்முடன் கொண்டுசெல்லும் முறையீடு பெரும்பாலும் சில சொற்களால் ஆனது: கால் நோவுது, திமிர் ஏறுது, மரத்துப்போச்சு, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. இச்சொற்கள் மருத்துவரின் ஏட்டில் ஏறும்போது எவையாக மாறுகின்றன என்பது மொழிபெயர்ப்பாளர் கருதிப் பார்க்கத்தக்க வினா. இதற்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் மருத்துவரின் பெயர்ச்சொற்களுக்குக் கிடைத்த கவனம் நோயாளியின் வினைச்சொற்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

சொல்லே கருவியாகும் சோதனை

நரம்பு மண்டலச் சோதனையின் பிற பகுதிகளில் மருத்துவர் தம் கண்ணை நம்பலாம். முழங்காலின்கீழ்ச் சுத்தியலால் தட்டினால் கால் உதறுகிறதா என்பதை அவரே காண்கிறார். தசையின் வலிமையைத் தம் கையால் எதிர்த்துப் பார்க்கிறார். புலனுணர்வுச் சோதனையோ வேறு. நோயாளி கண்களை மூடிக்கொள்ள, பஞ்சுத் திரியால் தொடுதல், ஊசி முனையால் குத்துதல், சூடான நீரும் குளிர்ந்த நீரும் நிரம்பிய குழாய்களை வைத்தல், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எலும்பின்மேல் நிறுத்துதல், கால் பெருவிரலை மேலும் கீழும் அசைத்தல் ஆகியன செய்யப்படுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் விடை நோயாளியின் வாயிலிருந்தே வருதல் வேண்டும்.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அடங்கும். அங்குப் பரிசம் என்பது மருத்துவர் நோயாளியைத் தொட்டுத் தாம் அறிவது. வெப்பமும் வறட்சியும் வியர்வையும் மருத்துவரின் விரலுக்குப் புலனாகின்றன. இக்கால நரம்பியலில் தொடுபவர் மருத்துவர், அறிபவர் நோயாளி. பழைய முறையில் தனித்தனியே எண்ணப்பட்ட பரிசமும் மொழியும் இங்கு ஒரே தேர்வாகிவிடுகின்றன.

உணர்வின் வகைகளை ஏன் பிரித்துக் கேட்க வேண்டும் என்பதற்குத் தண்டுவடத்தின் அமைப்பே காரணம். வலியையும் வெப்ப தட்பத்தையும் கொண்டுசெல்லும் இழைகள், தண்டுவடத்துள் நுழைந்த இடத்துக்கு அண்மையிலேயே எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து மேலேறுகின்றன. அதிர்வையும் மூட்டின் நிலையையும் நுண்தொடுகையையும் கொண்டுசெல்லும் இழைகள் நுழைந்த பக்கத்திலேயே தண்டுவடத்தின் பின்பகுதி வழியே ஏறி, முகுளத்தில்தான் எதிர்ப்பக்கம் கடக்கின்றன. முதுகு வேர்களே உணர்வுக்குரியவை என்பதை மாழாந்தி 1822இல் தெளிவாக்கினார். தண்டுவடத்தின் ஒரு பாதி வெட்டுண்டால் ஒரு பக்கத்தில் அசைவும் நிலையுணர்வும், மறுபக்கத்தில் வலியும் வெப்ப தட்ப உணர்வும் இழக்கப்படும் என்பதைப் பிரவுன்-செக்கார் 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினார்.

இதன் மொழிப் பயன் என்ன? தண்டுவடத்தின் நடுவே நீர்க்குழி தோன்றும் சிரிங்கோமைலியா என்னும் நோயில், கைகளில் வலியும் சூடும் தெரியாமற் போகும், தொடுகை தெரியும். அடுப்பில் சுட்டுக்கொண்டும் வலியறியாத ஒருவரிடம் 'கையில் உணர்ச்சி இருக்கிறதா?' என்று பொதுவாகக் கேட்டால், அவர் 'இருக்கிறது' என்றே விடையளிப்பார். அவர் பொய் சொல்லவில்லை. வினாவில் வந்த சொல் இரண்டு பாதைகளையும் ஒன்றாக மூடிவிட்டது. நோய் அவ்விடத்தில் தப்பிவிடுகிறது.

நரம்பு என்னும் சொல்

தமிழில் நரம்பு என்னும் சொல் தொன்மையானது. சங்கப் பாடல்களில் அது யாழின் நரம்பு. புறநானூற்றில் முதுமகளின் தோளில் புடைத்துத் தெரிவதும் நரம்பே. அதாவது இசைக்கருவியின் தந்தி, தசைநாண், குருதிக்குழாய் ஆகிய மூன்றையும் நீண்டு மெலிந்த வடிவம் பற்றி ஒரே சொல் சுட்டியது. கிரேக்க மொழியில் நியூரோன் என்பதும் முதலில் தசைநாண், வில்நாண், யாழ்த்தந்தி என்னும் பொருள்களிலேயே வழங்கிற்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடலை அறுத்து ஆராய்ந்த ஹெரோபிலஸ், எரசிஸ்திராத்தஸ் ஆகியோரே உணர்வுக்கும் அசைவுக்கும் உரிய நரம்புகளைத் தசைநாணிலிருந்து வேறுபடுத்தினர். அவர்களும் புதுச்சொல் படைக்கவில்லை. பழைய சொல்லையே நிறுத்தி அதன் பொருளைக் குறுக்கினர்.

தமிழில் அக்குறுக்கம் எழுத்து வழக்கில் மட்டுமே நிகழ்ந்தது. இன்றும் மருத்துவமனையில் குருதிக்குழாய் வழியே செலுத்தப்படுவது 'நரம்பூசி'. ஊசி ஏற்ற இயலாதபோது செவிலியர் கூறுவது 'நரம்பு கிடைக்கவில்லை' என்பது. மலையாளத்தில் ஞரம்பு என்பது பொதுவழக்கில் குருதிக்குழாயையே சுட்ட, அறிவியல் வழக்கு நாடி என்பதை மேற்கொண்டது. தெலுங்கும் நரமு என்பது இருக்கவே, மண்டலத்தைக் குறிக்க நாடீ மண்டலம் என்கிறது. தமிழில் நாடி கையைப் பிடித்துப் பார்ப்பது என்பதால் அவ்வழி அடைபட்டது. கன்னடம் நர என்பதையே ஏற்று, நர விஞ்ஞான என்று துறைப்பெயரும் அமைத்துக்கொண்டது. நோயாளி 'நரம்பு இழுக்குது' என்றால் அது நரம்பா, தசைநாணா, குருதிக்குழாயா என்பதை ஆராயாமல் மொழிபெயர்ப்பது இடர் தரும்.

மானிப்பாயின் நூல்கள்

மேலை மருத்துவத்தை முழுமையாகத் தமிழில் கொணர முயன்றவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். 1864 முதல் தமிழிலேயே பயிற்றினார். கட்டரின் நூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என 1857இல் வெளிவந்தது. தொடர்ந்து இரண வைத்தியம் (1867), கிரேயின் உடற்கூற்று நூலாகிய மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883) முதலியன வந்தன.

கிறீனின் சொல்லாக்க நெறி தெளிவானது. முதலில் தமிழில் தேடுதல். அங்கு இல்லையேல் வடமொழியில் தேடுதல். அதிலும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயைய மாற்றிக்கொள்ளுதல். கெமிஸ்தம் மூன்றாம் வகைக்குச் சான்று. அங்காதிபாதம் என்பது பாதாதிகேசம் என்னும் இலக்கிய மரபை நினைவூட்டும் ஆக்கம். உடலை உறுப்புறுப்பாக வருணிக்கும் பழக்கம் தமிழ் மாணவருக்கு முன்பே உண்டு என்பதை அறிந்து செய்தது போலும். சுகரணம் என்பது நன்கு இயங்குதல் என்று பொருள்கொள்ளத்தக்கது. இவ்விரண்டும் பின்னர் வழக்கொழிந்தன என்பது வேறு. அவர் தமிழ்ப்படுத்திய மூலங்களை இன்றைய நரம்பியல் நூலாகக் கொள்ளுதல் பிழை. வலிப்பாதை தண்டுவடத்தில் எவ்வாறு செல்கிறது என்பதை எடிங்கர் விளக்கியது 1889இல், கிறீன் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின். எனவே உணர்வுப் பாதைகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் தேவையே மானிப்பாயில் எழுந்திருக்க இயலாது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பிய பின்னர்த் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. உணர்வுச் சோதனை ஒரு முறையான கலையாக வளர்ந்த பத்தாண்டுகளில் தமிழ் அவ்வகுப்பறைக்கு வெளியே இருந்தது.

நீலகிரியில் ரிவர்ஸ்

இவ்வரலாற்றில் மொழியியலார் சிறப்பாக நோக்கத்தக்கவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். தோடர் பற்றிய அவர்தம் நூலை (1906) மானிடவியலார் அறிவர். 1901–02இல் நீலகிரியில் தங்கிய அவர் தோடரின் சடங்குகளை ஆராய்ந்ததுடன் அவர்தம் புலன்களையும் சோதித்தார்; அம்முடிவுகள் 1905இல் பிரித்தானிய உளவியல் இதழில் வெளிவந்தன. பார்வைக் கூர்மை, நிறவுணர்வு ஆகியவற்றுடன் தொடுகையும் வலியும் அச்சோதனைகளில் இடம்பெற்றன. இன்றைய தமிழக எல்லைக்குள் திராவிட மொழியினரிடம் நிகழ்ந்த முறையான உணர்வுச் சோதனைகளுள் இது முற்பட்டது எனலாம்.

தொடுகைக் கூர்மையைக் காண வெபர் 1834இல் வகுத்த முறை, இரு முனைகளைத் தோலின்மேல் வைத்து ஒன்றா இரண்டா என்று கேட்பதாகும். இதற்கு எண்ணுப்பெயர் இரண்டு போதும். மொழிபெயர்ப்பாளரின் சுமை குறைவு. வலிச்சோதனை அவ்வாறன்று. அழுத்தம் எந்த அளவில் வலியாகிறது என்பதை அளக்கும்போது, 'வலித்தவுடன் சொல்' என்னும் கட்டளையில் எந்தச் சொல் நின்றது என்பதே அளவை மாற்றிவிடும். அழுத்துவது, உறுத்துவது, நோவது, பொறுக்க இயலாதது என்பன ஒரே கோட்டில் உள்ள நான்கு புள்ளிகள். ரிவர்ஸ் மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டு பணியாற்றியவர். தோடர் மொழியை முறையாக ஆராய்ந்த எமனோவின் களப்பணி 1930களில்தான் நிகழ்ந்தது. அவர்தம் தோடர் இலக்கணம் 1984இல் வெளிவந்தது. ஆகவே இரண்டு இனத்தாரின் வலித்தாங்கும் எல்லையை ஒப்பிடும் பழைய எண்கள், சொற்களின் எல்லையையும் சேர்த்தே அளந்தன என்று ஐயுறுவது தவறாகாது.

நீலகிரியிலிருந்து திரும்பிய ரிவர்ஸ், 1903 ஏப்ரல் 25 அன்று நிகழ்ந்த மற்றொரு சோதனையில் பங்குகொண்டார். ஹென்றி ஹெட் என்னும் நரம்பியலார் தம் இடக்கையின் உணர்வு நரம்பைத் தாமே வெட்டச் செய்து தைத்துக்கொண்டார். உணர்வு மீளும் முறையை ரிவர்ஸ் கேம்பிரிட்ஜில் நான்காண்டுகள் சோதித்தார். சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒரே மொழியினர், இருவரும் மருத்துவம் கற்றவர். அவர்களுக்கும் இருந்த சொற்கள் போதவில்லை. இருவகை உணர்வுக்குக் கிரேக்க வேர்களிலிருந்து புதுச்சொற்கள் ஆக்கிக்கொண்டனர். அப்பாகுபாடு பின்னர் மறுக்கப்பட்டது. எனினும் தாய்மொழியாளருக்கே நேர்ந்த இத்தட்டுப்பாடு மொழிபெயர்ப்பாளருக்கு ஆறுதல் தரக்கூடியது.

குழுக்களும் உணர்ச்சியும்

இருபதாம் நூற்றாண்டின் கலைச்சொல் முயற்சிகள் பலரும் அறிந்தவையாதலின் விரிக்க வேண்டுவதில்லை. 1916இல் சேலத்தில் தோன்றிய தமிழ் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கம், 1938இல் கலைச்சொற்கள் தொகுதியை வெளியிட்ட சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைந்த குழுவும் அதனை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியும் என இவை தொடர்ந்தன. வாதம் பெரும்பாலும் தமிழா வடமொழியா என்பதைச் சுற்றியே நிகழ்ந்தது. சொல் யார் வாயில் வழங்கப்போகிறது என்னும் வினா பின்தங்கிவிட்டது.

விளைவு ஒன்றை மட்டும் காட்டலாம். தமிழகப் பாடநூல்கள் உணர்ச்சி நரம்பு, இயக்க நரம்பு என்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் முன்னதைப் புலன் நரம்பு என்கின்றன. இன்றைய தமிழில் உணர்ச்சி என்பது சினம், அழுகை, ஆர்வம் ஆகியவற்றின் பொதுப்பெயராகிவிட்டது. உணர்ச்சிவசப்படுதல் என்பது நாள்தோறும் கேட்கும் தொடர். இந்நோக்கில் இலங்கை வழக்கே தெளிவுடையது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுக்கும்போது, எல்லாவற்றுக்கும் அடிப்படையாக வைத்தது தொடுபுலனை. அதற்கு அங்கு வழங்கிய வினை உறு என்பது. உற்றறிதல் என்னும் இச்சொல் கையருகே இருந்தும் கலைச்சொல்லாக்குநர் அதனை நாடாதது வியப்பே. உறுதல் என்னும் வினை பேச்சுவழக்கில் அப்பொருளை இழந்தமை காரணமாகலாம்.

உணர் என்னும் வினைக்கு இலக்கணத் தடை ஒன்றும் உண்டு. அது எழுவாயை வேண்டுவது: 'நான் உணர்கிறேன்'. தமிழ் பேசுவோர் உடல் உணர்வை இவ்வாறு கூறுவதில்லை. 'எனக்கு வலிக்கிறது', 'எனக்குத் தெரியவில்லை', 'காலில் எரிகிறது', 'கை மரத்துவிட்டது' என்பனவே இயல்பு. உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்பார். இல்லையேல் உறுப்பே எழுவாயாகும். கன்னடத்தின் கொத்தாகு, தெலுங்கின் தெலியு ஆகியவும் நான்காம் வேற்றுமையையே கொள்கின்றன. எனவே 'தொடுவதை உணர்கிறீர்களா?' என்னும் வினா ஆங்கிலத் தொடரமைப்பின் நிழல். 'தொட்டால் தெரிகிறதா?' என்பது அத்திபெலேயின் மூன்று மொழிகளிலும் ஒரே அமைப்பில் கேட்கத்தக்க வினா.

உணர்ச்சியற்ற தேமல்

கலைச்சொல்லும் மக்கள் வழக்கும் ஒருமுறை நன்றாகவே கூடின. அது தொழுநோய்ப் பணியில். செங்கற்பட்டில் 1955இல் நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமும், அதே ஆண்டில் வேலூரை அடுத்த கரிகிரியில் ஷெப்பலின் மருத்துவமனையும் அமைந்தன. 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், நோயாளரின் விரல்கள் குறைவது சதை அழுகுவதால் அன்று, வலி தெரியாமையால் மீண்டும் மீண்டும் நேரும் காயங்களால் என்பதை விளக்கினார். வலியின்மை ஒரு பேறு என்னும் பொதுக்கருத்தைத் தலைகீழாக்கியது அவ்விளக்கம்.

தோலில் தோன்றும் நிறம் வெளிறிய இடத்தில் உணர்விழப்பு உண்டா என்று பார்ப்பதே இந்நோயை அறியும் தலையாய சோதனை. அதனை மக்களிடம் கொண்டுசெல்லப் பயன்பட்ட தொடர் 'உணர்ச்சியற்ற தேமல்' என்பது. சுவர்களிலும் பள்ளிகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் பல்லாண்டுகள் எழுதப்பட்ட இத்தொடரில், உணர்ச்சி என்னும் சொல்லின் இருபொருள் மயக்கம் எவ்விதத் தீங்கும் செய்யவில்லை. தேமல் என்னும் கண்ணாற் காணத்தக்க பொருளுக்கு அடையாக நின்றதால் அது தோலுணர்வையே சுட்டும் என்பது தெளிவாயிற்று. பழைய உரையாசிரியர்கள் மகளிர் மேனியின் அழகாகப் போற்றப்பட்ட சுணங்கைத் தேமல் என்று விளக்கினர். அச்சொல் மருத்துவ அறிகுறியாகக் குடியேறிய கதை தனியே எழுதத்தக்கது. 1982இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறைக்குப் பின் நோய் பெரிதும் குறைந்தது. 2005 இறுதியில் இந்தியா, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நாட்டளவிலான இலக்கை எட்டியது. தொடர் இன்னும் வழக்கிலுள்ளது.

எனினும் ஒரு குறை. இந்நோயில் பலருக்கு முதலில் மங்குவது வெப்ப தட்ப உணர்வு. தொடுகை சிறிது காலம் நிற்கக்கூடும். அந்நிலையில் 'உணர்ச்சி இருக்கிறது' என்று ஒருவர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ள இத்தொடர் இடம் தருகிறது.

எல்லையின் சொற்கள்

உணர்விழப்பைக் குறிக்கும் சொற்களில்தான் வட்டார வேறுபாடு மிகுதி. மரத்தல் என்பது தமிழகம் முழுதும் விளங்குவது. மரம் போலாதல் என்னும் உருவகம் வெளிப்படை. கன்னடத்தின் மரகட்டு என்பதிலும் மரம் உண்டு. தெலுங்கில் உணர்விழந்து போவதைக் கூறும் மொத்துபாரு என்பதில் மொத்து, மரக்கட்டையே. மூன்று மொழியினரும் உணர்விழந்த உறுப்பைக் கட்டையாகக் கண்டனர்.

திமிர் அவ்வாறு எளிதன்று. தெலுங்கில் திம்மிரி என்பது காலை மடித்து அமர்ந்தபின் ஏறும் உணர்வு. வட தமிழ் மாவட்டங்களில் திமிர் அப்பொருளில் வழங்க, பிற இடங்களில் அது செருக்கையே முதலில் நினைவூட்டும். ஓசூர்ப் பக்கத்து நோயாளி 'திமிர் புடிச்சிருக்குது' என்று கூற, தென்மாவட்டத்து உதவியாளர் ஒருவர் புன்னகைக்க நேரலாம். நோயாளி கூறுவதிலும் இரு கூறுகள் உண்டு: இல்லாதது தெரிதலும், தெரிய வேண்டியது இல்லாமையும். ஊர்தல், குறுகுறுப்பு, மதமதப்பு ஆகியன முதல்வகை; தொட்டது தெரியாமை இரண்டாம் வகை. கன்னடத்தின் ஜோமு, தமிழின் திமிர், மரத்தல் ஆகியவை இவ்விரண்டையும் கலந்தே சுட்டுவதால், அடுத்த வினா இன்றி இவற்றை ஏட்டில் எழுதுதல் முறையாகாது.

இதைவிட இடர் மிக்கது விறைப்பு. யாழ்ப்பாணத் தமிழில் கை விறைத்துப்போதல் என்பது உணர்விழத்தல். தமிழக மருத்துவக் கலைச்சொல்லில் விறைப்பு என்பது தசை இறுகி மடங்க மறுத்தல். ஒன்று உணர்வு நரம்பின் குறை, மற்றது இயக்கப் பாதையின் குறை. இலங்கைத் தமிழரின் மருத்துவக் குறிப்பைத் தமிழக அகராதியின் துணைகொண்டு மொழிபெயர்ப்பவர், நோயைத் தண்டுவடத்தின் பின்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்திவிடக்கூடும்.

வலி, நோவு என்னும் இணையும் கருதத்தக்கது. பழந்தமிழில் வலி என்பது வலிமை. துன்பப்பொருள் வலித்தல் என்னும் இழுப்பு வழியே வந்து சேர்ந்தது. நோவு வட மாவட்டப் பேச்சில் உயிருடன் உள்ளது. கன்னடத்தில் அதுவே நோவு, தெலுங்கில் நொப்பி. எல்லையில் கேட்கும் வினாவுக்கு வலியைவிட நோவே பொருந்தும் என்பது தெளிவு. வலியின் தன்மையைப் பிரித்தறிய மெல்சாக் 1975இல் வெளியிட்ட வினாநிரல் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கியது. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், தெறிப்பு, சுருக்கென்றல், விண்விண்ணென்றல் என்று தமிழிலும் அத்தகைய நிரலை அமைக்க இயலும். ஆனால் ஆங்கில நிரலை ஒவ்வொரு சொல்லாகப் பெயர்ப்பதால் அது கிட்டாது.

சோதனை வினாக்களிலும் இதே நிலைதான். ஊசிச் சோதனையில் 'கூர்மையா, மழுக்கமா?' என்பது பாடநூல் தமிழ். 'குத்துதா, சும்மா தொடுதா?' என்பதற்குக் குழந்தையும் விடை கூறும். குத்து என்பதற்கு நேராகத் தெலுங்கில் குச்சு, கன்னடத்தில் சுச்சு உள்ளன. பெருவிரலை அசைத்து 'மேலா, கீழா?' என்று கேட்கும்போது, படுத்திருப்பவருக்கு மேல் என்பது தலைப்பக்கமா கூரைப்பக்கமா என்ற குழப்பம் எழும். ஆகவே கண்ணைத் திறந்திருக்கும்போதே விரலை அசைத்துக் காட்டி, 'இது மேலே, இது கீழே' என்று பழக்கிய பின்னரே கண்ணை மூடச் சொல்லுதல் வேண்டும். இசைக்கவைச் சோதனைக்குக் கலைச்சொல் பட்டியல் தருவது அதிர்வுணர்வு என்பது. 'அதிர்கிறதா?' என்று கேட்டால் சிலர் இடியையும் வெடியையும் நினைத்து இல்லை என்பர். 'விர்ருனு வருதா? நின்னதும் சொல்லுங்க' என்பதே பயன்படுகிறது. விர் என்னும் இவ்வொலிக்குறிப்பு எந்தக் கலைச்சொல் தொகுதியிலும் இடம்பெறுவதற்குரிய தோற்றம் உடையதன்று. இசைக்கவை கணுக்கால் எலும்பின்மேல் நிற்கும் சில நொடிகளில் நோயாளியிடமிருந்து விடையைப் பெற்றுத் தருவது அதுவே.